கெட்ட சான்றிதழ்ப் பெட்டி: உங்கள் பிரவுசர் எதை மறுக்கிறது?

ஒரு தளம் தான் யார் என்று பிரவுசரிடம் காட்டும் மின்னணு அடையாள அட்டைதான் சான்றிதழ். பிரவுசரின் சான்றிதழ்ச் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய நல்ல தளம் ஒன்றைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. நல்ல சான்றிதழை ஓட்டை விழுந்த பிரவுசரும் ஏற்கும். இத்துறையில் பேர்போன ஓட்டைகளில் பெரும்பாலானவை, மறுக்க வேண்டியதை மறுக்காமல் விட்டவை. ஆகவே இந்தப் பெட்டிக்கு ஒரே வேலைதான். வேண்டுமென்றே கெடுத்து உண்டாக்கிய 14 சான்றிதழ்களை ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியிலிருந்து வழங்கி, எந்தக் கருவி எதைத் துப்புகிறது, எதை விழுங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

புதுப்பித்த குரோமோ பயர்ஃபாக்ஸோ ஓடும் மேசைக்கணினிக்கு இது பெரிதாகத் தேவைப்படாது. சிராங்கூன் சாலைக் கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வாங்கிய நாள் முதல் ஒரே பதிப்பில் ஓடும் ஆண்டிராய்டு டேப்லெட், தங்கும்விடுதியில் மூன்று கை மாறி வந்த கைப்பேசி, துணைப்பாட நிலையம் தனக்கென்று எழுதி வாங்கிய செயலி, இவைதான் பெட்டியின் முன் உட்கார வேண்டியவை. "அண்ணே, பூட்டு தெரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்ற கேள்வியும் அங்கேதான் வரும். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூர் அரசாங்கத் தளங்களின் தலைப்பட்டையே பூட்டுக்குறியைப் பார்க்கச் சொல்கிறது. முகவரி டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி என்று முடிகிறதா என்றும் அதே பட்டைதான் பார்க்கச் சொல்கிறது, ஆனால் அந்தப் பாதி பலர் காதில் விழுவதில்லை. மோசடித் தளத்துக்கும் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. குரோம் 2023 செப்டம்பரில் வந்த 117ஆம் பதிப்போடு மேசைக்கணினியில் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறியை வைத்ததற்கும் இதுதான் காரணம்.

பெட்டியும் அதன் கடிகாரமும்

தேவையான பொருள்கள் கொஞ்சம்தான்: 2 ஜிபி ராஸ்பெரி பை 4, 32 ஜிபி மைக்ரோ எஸ்டி அட்டை, 5 வோல்ட் 3 ஆம்பியர் மின்இணைப்பி, டிஎஸ்3231 கடிகாரச் சில்லு பொருத்திய சிறு பலகை, நான்கு ஜம்பர் கம்பிகள். கடைசி இரண்டும் சிம் லிம் டவரில் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும்.

கடிகாரப் பலகை எதற்கு? பை 4இல் தனியாகக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். இணையம் இருந்தால் அதுவே சரிசெய்துகொள்ளும், ஆனால் இந்தப் பெட்டி வேண்டுமென்றே இணையம் இல்லாமல் இயங்குகிறது. மூன்று நாள் அலமாரியில் கிடந்த பெட்டியில் "10 நிமிடத்தில் காலாவதி" என்று ஒரு சான்றிதழ் உண்டாக்கினால் அது பிறக்கும்போதே செத்திருக்கும்.

பலகையின் மின்கம்பி பையின் 1ஆம் பின்னுக்கு, எஸ்டிஏ 3ஆம் பின்னுக்கு, எஸ்சிஎல் 5ஆம் பின்னுக்கு, தரைக்கம்பி 9ஆம் பின்னுக்கு. 1ஆம் பின் 3.3 வோல்ட் தரும். பக்கத்திலேயே இருக்கும் 5 வோல்ட் பின்னில் செருகிவிடக் கூடாது. விலை மலிந்த பலகைகள் பலவற்றில், பேட்டரிக்கு மின்னேற்ற ஒரு டயோடும் மின்தடையும் இருக்கும். 5 வோல்ட் கொடுத்தால் டயோடு தாண்டி சுமார் 4.4 வோல்ட் பேட்டரிக்குப் போகும். சிஆர்2032 மின்னேற்றும் வகை அல்ல, உப்பும், கசியும். 3.3 வோல்ட்டில் டயோடுக்கு அப்பால் மிஞ்சுவது 2.7 வோல்ட்தான், 3 வோல்ட் பேட்டரிக்குள் அது ஏறாது. செருகியபின் அந்தக் கம்பிகளின் ஐ2சி தடத்தில் 68 என்ற முகவரி தெரிந்தால் பலகை உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

பெட்டியின் கடிகாரம் சான்றிதழ் உண்டாக்கும்போதுதான் முக்கியம். சரிபார்க்கும்போது கணக்கில் வருவது கைப்பேசியின் கடிகாரம். பேட்டரி முழுக்கத் தீர்ந்து கிடந்த பழைய கைப்பேசி, தொழிற்சாலைத் தேதிக்குப் போய் நிற்கும். அதில் எல்லாச் சான்றிதழும் "இன்னும் தொடங்கவில்லை" என்று மறுக்கப்படும். பார்ப்பவர், ஆகா, நல்ல கண்டிப்பான கருவி என்று தப்பாக எழுதி வைப்பார். ஒவ்வொரு கருவியிலும் முதல் வேலை தேதியைப் பார்ப்பதுதான்.

வைஃபையும் பெயர்களும்

பெட்டியே ஒரு வைஃபையைப் பரப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ், 6ஆம் அலைவரிசைத் தடம். பழைய கைப்பேசிகள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. நாட்டுக் குறியீட்டை எஸ்ஜி என்று அமைக்காவிட்டால் ராஸ்பெரி பை வைஃபையைத் திறக்கவே திறக்காது. புதிய ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் நெட்வொர்க்மேனேஜர் வைஃபையைத் தன் பிடியில் வைத்திருக்கும். வைஃபை பரப்பும் இன்னொரு நிரலான ஹோஸ்ட்ஏபிடியையும் அதையும் சேர்த்து ஓட்டினால் இரண்டும் ஒரே கயிற்றை இழுக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் முகவரி 192.168.50.1. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்மாஸ்க் நிரல், டாட் டெஸ்ட் என்று முடியும் எந்தப் பெயர் கேட்டாலும் இந்த முகவரியைத்தான் சொல்லும். டெஸ்ட் என்ற முடிவை ஆர்எஃப்சி 2606 என்ற இணையத் தர ஆவணம் வழியாக 1999இலேயே சோதனைக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். வெளி இணையத்தில் யாருக்கும் அது சொந்தமாகாது.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டவுடன் கைப்பேசி சத்தமில்லாமல் சிம் அட்டையின் இணையத்துக்குத் தாவிவிடும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். ஆண்டிராய்டில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்ற அமைப்பில் யாராவது ஒரு சேவையின் பெயரை எழுதி வைத்திருந்தால், கருவி பெட்டியிடம் பெயர் கேட்காது. அதையும் அணைக்க வேண்டும்.

பெட்டியில் சான்றிதழை வழங்கும் சர்வர் மென்பொருள் எஞ்சினெக்ஸ். அதில் மறக்கக் கூடாத வரிகள்: செஷன் டிக்கெட், செஷன் கேஷ் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். பழைய இணைப்பைத் தொடரும்போது சர்வர் சான்றிதழை மறுபடி அனுப்புவதில்லை. நல்ல சான்றிதழோடு ஒருமுறை பேசிய பிரவுசர், நீங்கள் கெட்டதை மாற்றி வைத்தபின்னும் பழைய உறவிலேயே உள்ளே வந்துவிடும். ஓட்டை கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிப்பதற்கு முன் இதைச் சரிபார்க்கவும்.

ரூட்டும் அதன் வேலியும்

கருவி நேரடியாக நம்பும் ரூட் சான்றிதழ் ஒன்று, அது கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழ் ஒன்று. பழைய கருவிகளுக்காக இரண்டும் 2048 பிட் ஆர்எஸ்ஏ. இடைநிலை கையெழுத்திட்டுத் தளங்களுக்குத் தரும் முனைச் சான்றிதழ்களுக்கு 90 நாள் ஆயுள் போதும். ஆப்பிள் கருவிகள், நாமே சேர்த்த ரூட்டின்கீழ் வந்தாலும் 825 நாளைத் தாண்டிய சான்றிதழை ஏற்கா.

ரூட்டுக்கு வேலி போட வேண்டும். பெயர்க் கட்டுப்பாடு என்ற நீட்சியில் "டெஸ்ட்டில் முடியும் பெயர்களுக்கு மட்டும்" என்று எழுதுங்கள். கையெழுத்திடப் பயன்படும் இந்த ரூட்டின் ரகசியச் சாவி நாளைக்கு ஒரு தம்ப் டிரைவில் தொலைந்தால், வேலி இல்லாத ரூட்டை நம்பும் கைப்பேசி எந்த வங்கியின் பெயரிலும் ஏமாறும். 2015இல் அம்பலமான, லெனோவோ மடிக்கணினிகளில் முன்கூட்டியே ஏற்றி வந்த சூப்பர்ஃபிஷ் மென்பொருளில் நடந்தது இதுதான். எல்லா மடிக்கணினியிலும் ஒரே ரூட், அதன் சாவியும் கணினிக்குள்ளேயே. ஆனால் ரூட்டில் எழுதிய வேலியை எல்லா மென்பொருளும் மதிக்கும் என்ற உறுதி இல்லை. சாவியைத் தனியே பூட்டி வைப்பதே முதல் வேலி.

கைப்பேசியில் ரூட்டை ஏற்றும் விதம் கருவிக்குக் கருவி மாறும். ஆண்டிராய்டில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் "சிஏ சான்றிதழ்" என்று தேடினால் கிடைக்கும். பயர்ஃபாக்ஸ் ஆண்டிராய்டில் அது போதாது. "எங்களைப் பற்றி" பக்கத்தில் சின்னத்தை ஐந்து முறை தட்டினால் ஒரு மறைவான அமைப்புப் பட்டியல் வரும், அங்கே வெளிச் சான்றிதழ்களை அனுமதிக்க வேண்டும். ஐபோனில் புரொஃபைலை நிறுவிய பிறகும் வேலை முடியாது. பொது அமைப்புகள், இக்கருவி பற்றி, சான்றிதழ் நம்பிக்கை என்று உள்ளே போய் அந்த ரூட்டுக்கு முழு நம்பிக்கையை இயக்க வேண்டும். இதை விட்டவர்களுக்கு எல்லாச் சோதனையும் "மறுத்தது" என்று வரும். அதனால்தான் 15ஆவதாக ஒரு நல்ல சான்றிதழும் பெட்டியில் இருக்கிறது. அது பச்சையாகத் திறக்காத கருவியில் மற்ற முடிவுகளுக்கு மதிப்பில்லை.

கெடுக்கும் முறை

சாதாரணமானவை முதலில்: காலாவதியானது, இன்னும் தொடங்காதது, பெயர் பொருந்தாதது, தனக்குத்தானே கையெழுத்திட்டது. தேதியைக் கெடுக்க, சான்றிதழ் உண்டாக்கும் நிரலான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் "சிஏ" கட்டளையில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் கையாலேயே கொடுக்கலாம். 240101000000 என்று எழுதிக் கடைசியில் ஓர் இசட். அந்த இசட் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது. சிங்கப்பூர் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது, ஆகவே 23:59:59க்கு முடியும் சான்றிதழ் இங்கே மறுநாள் காலை 7:59:59க்குச் சாகும். கடை திறந்து கோப்பி வாங்கி வைத்த நேரத்தில் "நேத்து ராத்திரி வரை நல்லாத்தான் இருந்துச்சு" என்ற அழைப்பு வருவதன் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

"சிஏ" கட்டளை ஒரே பெயரில் இரண்டாவது சான்றிதழ் தர மறுக்கும். அமைப்புக் கோப்பில் யுனிக் சப்ஜெக்ட் என்பதை "நோ" ஆக்குங்கள். வரிசை எண்ணை ஒவ்வொன்றுக்கும் வேறாக வையுங்கள். ஒரே வழங்குநர், ஒரே எண் என்று இரண்டைப் பார்த்தால் பயர்ஃபாக்ஸ் அதற்கென்றே ஒரு பிழையைக் காட்டி நின்றுவிடும், உங்கள் சோதனை வரை போகவே போகாது.

பொதுப்பெயர் மட்டும் உள்ள சான்றிதழ் அடுத்தது. தளத்தின் பெயரை மாற்றுப்பெயர்ப் பட்டியலில்தான் எழுத வேண்டும், பொதுப்பெயர்க் கட்டத்தில் எழுதுவது பழைய வழக்கம் என்று 2000ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 2818 சொல்லிவிட்டது. குரோம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2017இல், 58ஆம் பதிப்பில். வேடிக்கை என்னவென்றால் அப்போது குரோம் காட்டும் பிழையின் பெயர் "காமன் நேம் இன்வேலிட்". அதைப் படித்தவர் பொதுப்பெயரைத் திருத்தித் திருத்தி மாய்வார். குரோம் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை.

நட்சத்திரக்குறிச் சான்றிதழ்: ஸ்டார் டாட் கடை டாட் டெஸ்ட் என்பது கல்லா டாட் கடை டாட் டெஸ்ட்டுக்குப் பொருந்தும். அதற்கும் கீழே இன்னொரு படி இறங்கினால் பொருந்தக் கூடாது. வெறும் கடை டாட் டெஸ்ட்டுக்கும் பொருந்தக் கூடாது. இரண்டையும் சோதியுங்கள்.

இடைநிலை இல்லாமல் முனைச் சான்றிதழை மட்டும் அனுப்புவது சர்வரின் தவறு. ஆனால் கடைக்காரர்களைத் திண்டாட வைப்பதில் இதற்குத்தான் முதல் பரிசு. இடைநிலையை எங்கே எடுக்கலாம் என்ற முகவரி சான்றிதழுக்குள் இருந்தால் மேசைக்கணினிக் குரோம் தானே போய் எடுத்துக்கொள்ளும். கர்ல் என்ற கட்டளைவரி நிரல் எடுக்காது, பல செயலிகளும் எடுக்கா. "கம்ப்யூட்டர்ல வருது, டேப்லெட்ல வரல" என்றால் முதலில் இதைப் பாருங்கள். சான்றிதழை வாங்கித் தரும் செர்ட்பாட் நிரலைப் பயன்படுத்துபவர்கள் எஞ்சினெக்ஸுக்குக் கொடுக்க வேண்டியது "ஃபுல்செயின்" கோப்பு, "செர்ட்" கோப்பு அல்ல.

கையெழுத்திடும் உரிமை இல்லாதவன் கையெழுத்து

பெட்டியில் மிக முக்கியமான சோதனை இது. ஒவ்வொரு சான்றிதழிலும், இதைக் கொண்டு இன்னொரு சான்றிதழுக்குக் கையெழுத்திடலாமா என்று சொல்லும் ஒரு கட்டம் உண்டு. பேசிக் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் என்பது அதன் பெயர். சாதாரணத் தளத்தின் சான்றிதழில் அது "கூடாது" என்றிருக்கும். கையெழுத்து கணித முறைப்படி சரியாகவே இருக்கும், சங்கிலியும் ரூட் வரை போகும். இடையில் நிற்பவனுக்கு அந்த உரிமை உண்டா என்று பார்க்க மறந்தால் தீர்ந்தது கதை. முறையாக ஒரு சான்றிதழ் வாங்கிய யாரும் உலகின் எந்தத் தளத்துக்கும் சான்றிதழ் அச்சடிக்கலாம்.

2002இல் பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை என்று காட்டினார். எல்லோரும் திருத்திக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தபோது, 2011 ஜூலையில் ஆப்பிள் அதே ஓட்டையை ஐஓஎஸ் 4.3.5இல் அடைத்தது. ஒன்பது ஆண்டு கழித்து, வேறொரு நிறுவனத்தின் வேறொரு நிரலில் அதே மறதி. அதனால்தான் இது பழைய கதை என்று ஒதுக்காமல் ஒவ்வொரு கருவியிலும் ஓட்டிப் பார்க்கிறோம்.

செய்முறை எளிது. இடைநிலையிடம் முறையாக ஒரு முனைச் சான்றிதழ் வாங்குங்கள், இது "அ". பிறகு அ-வின் சாவியால் வேறு பெயருக்கு "ஆ" என்ற சான்றிதழில் கையெழுத்திடுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எக்ஸ்509 கட்டளை ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்து தரும். எஞ்சினெக்ஸுக்குக் கொடுக்கும் கோப்பில் ஆ, அ, இடைநிலை என்ற வரிசையில் ஒட்டுங்கள். வரிசை மாறினால் எஞ்சினெக்ஸ் சாவி பொருந்தவில்லை என்று தொடங்கவே மறுக்கும்.

இதோடு விட்டுவிடாமல் இரண்டு மாற்றுகளும் செய்து வையுங்கள். ஒன்றில் அ-விலிருந்து அந்தக் கட்டத்தையே நீக்கிவிடுங்கள். "கூடாது" என்று எழுதியதை மறுக்கும் நிரல், எதுவுமே எழுதாததை ஏற்கலாம். இன்னொன்றில் இடைநிலைக்குப் பாதை நீளம் 0 (கீழே வேறு இடைநிலை கூடாது) என்று கொடுத்து, அதன்கீழ் இன்னோர் இடைநிலையைத் தொங்கவிடுங்கள். இப்படி எழுதியது, எழுதாதது, பாதி எழுதியது என்று கலந்து கலந்து 2014இல் ஆய்வாளர்கள் 80 லட்சம் ஒட்டுச் சான்றிதழ்கள் உண்டாக்கி, பாதுகாப்பான இணைப்பை உண்டாக்கும் பல டிஎல்எஸ் நிரல்களுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். ஒன்று ஏற்பதை இன்னொன்று மறுக்கும் 208 முரண்பாடுகள் கிடைத்தன. நாம் செய்வது அதன் சின்னக் கடை வடிவம்.

பெயர்க் கட்டுப்பாட்டுச் சோதனைக்கும் இதே சங்கிலி முறைதான். "கடை டாட் டெஸ்ட்டுக்கு மட்டும்" என்று வேலியிட்ட ஓர் இடைநிலையால் வேறு பெயருக்குக் கையெழுத்திடுங்கள். வேலியை இங்கே ரூட்டில் அல்ல, இடைநிலையில் போட்டிருப்பதால் மதிக்காத கருவிக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. பயன்பாட்டு நோக்கச் சோதனைக்கு, வாடிக்கையாளர் அடையாளத்துக்கு மட்டும் என்று எழுதிய சான்றிதழைச் சர்வரில் வைத்தால் போதும்.

பூஜ்ய பைட், தமிழ்ப் பெயர்

2009 பிளாக் ஹாட் பாதுகாப்பு மாநாட்டில் மார்லின்ஸ்பைக்கும் டான் காமின்ஸ்கியும் தனித்தனியே காட்டிய ஓட்டை இது. சான்றிதழுக்குள் பெயர், நீளம் முதலில், எழுத்துகள் பின்னர் என்று எழுதப்படும். சி மொழியிலோ 00 என்ற பைட் வந்தால் சொல் முடிந்தது. பெயரின் நடுவில் 00ஐச் செருகினால், சான்றிதழ் வழங்குபவர் வலக்கோடியில் இருக்கும் உங்கள் சொந்த டொமைனைப் பார்த்துக் கையெழுத்திடுவார். பிரவுசர் இடப்பக்கத்தில் இருக்கும் வங்கிப் பெயரைப் படித்து அத்தோடு நிறுத்திவிடும்.

அமைப்புக் கோப்பில் 00ஐ நேராக எழுத முடியாது. மாற்றுப்பெயர் நீட்சிக்கு "டிஇஆர்" என்று தொடங்கிப் பைட்டுகளைப் பதினாறடிமானத்தில் கொடுத்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் அப்படியே வைத்துக்கொள்ளும். பேங்க் டாட் டெஸ்ட் ஆங்கிலத்தில் 9 பைட். பிறகு 00. பிறகு டாட் ஈவில் டாட் டெஸ்ட், 10 பைட். மொத்தம் 20, பதினாறடிமானத்தில் 14. ஆகவே தொடக்கம் 30, 16, 82, 14: 30 பட்டியலைக் குறிக்கும், 16 அதன் நீளம் (தசமத்தில் 22), 82 டொமைன் பெயர் வகை, 14 பெயரின் நீளம். அடுத்து அந்த 20 பைட்டுகள். நீளத்தில் ஒன்று பிசகினால் சான்றிதழே உடைந்துபோகும். அப்போது கருவி மறுப்பது உடைசலுக்காக, 00க்காக அல்ல. முடிவு ஒன்றுபோலத் தெரியும், பொருள் வேறு. உண்டாக்கியதும் ஓப்பன்எஸ்எஸ்எல்லாலேயே விரித்துப் படித்துப் பாருங்கள்.

இதே உத்தி தமிழ்ப் பெயருக்கும் உதவும். டாட் சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் டொமைன்கள் இருக்கும் ஊரில் இதைச் சோதிக்காமல் விடுவது அழகல்ல. தமிழ்ப் பெயர் சான்றிதழுக்குள் தமிழாக இருக்கக் கூடாது. எக்ஸ்என் என்று தொடங்கும், ஆங்கில எழுத்திலான பியூனிகோடு வடிவில்தான் இருக்க வேண்டும். கெடுப்பதற்காக நாம் தமிழாகவே எழுதுவோம். தேக்கா என்ற சொல் கணினிக்கு ஆறு குறியீடுகள்: த, ஏகாரக் குறி, க, புள்ளி, க, கால். ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், ஆக 18. டாட் டெஸ்ட் 5 பைட். மொத்தம் 23, பதினாறடிமானத்தில் 17. தொடக்கம் 30, 19, 82, 17. இந்தச் சான்றிதழைப் பிரவுசர் ஏற்கக் கூடாது. எஞ்சினெக்ஸில் சர்வர் பெயரைப் பியூனிகோடு வடிவில் கொடுக்க மறந்தால், வேறு சான்றிதழ் போய்விடும்.

ஷா-1 என்ற பழைய, பலவீனமான முறையில் கையெழுத்திட்ட சான்றிதழை உண்டாக்குவது சுலபம், வழங்குவதுதான் தொல்லை. டெபியன் வழிவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் பாதுகாப்பு நிலை 2இல் இருப்பதால், கையெழுத்து முறை பலவீனம் என்று எஞ்சினெக்ஸ் கோப்பை ஏற்றாது. அந்தச் சோதனைக்கு மட்டும் நிலையை 0 ஆக்க வேண்டும். 2017க்கு முன் புதுப்பிப்பு நின்றுபோன கருவி ஷா-1ஐ விழுங்கினால் வியப்பில்லை, குறித்துக்கொண்டு நகரலாம்.

பதினான்காவது, ரத்துசெய்யப்பட்ட சான்றிதழ். இதைக் குரோம் ஏற்கும். இது ஓட்டை அல்ல, தெரிந்தே எடுத்த முடிவு. ஒவ்வொரு தளத்துக்கும் வழங்குநரைக் கேட்டால் தாமதம், பதில் வராவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பதால் தாக்குபவர் அந்தக் கேள்வியையே தடுத்துவிடலாம். 2012இலிருந்து குரோம் முக்கியமான ரத்துகளை மட்டும் ஒரு பட்டியலாகத் தானே இறக்கிக்கொள்கிறது. நம் பெட்டியின் ரத்து அந்தப் பட்டியலில் வராது. ஆயுளைக் குறைப்பதே இதற்கு மாற்று என்று துறை முடிவுக்கு வந்துவிட்டது: 2020 செப்டம்பரிலிருந்து 398 நாள், பிறகு படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச் 15 முதல் 47 நாள்.

எழுதிக்கொள்ளும் முறை

"மறுத்தது, ஏற்றது" என்ற இரண்டு கட்டம் போதாது. மறுத்தும் "பரவாயில்லை, தொடர்க" என்ற பொத்தான் தந்ததா என்பது மூன்றாவது. 2018 ஏப்ரல் 24 அன்று மைஈதர்வாலெட் என்ற கிரிப்டோ பணப்பைத் தளத்தின் பயனர்களை, இணையப் பாதைகளைக் கடத்திப் போலித் தளத்துக்குத் திருப்பியபோது, அங்கே இருந்தது தனக்குத்தானே கையெழுத்திட்ட சான்றிதழ். பிரவுசர் எச்சரித்தது. பொத்தானை அழுத்தி உள்ளே போனவர்கள் பணத்தை இழந்தார்கள்.

அந்தப் பொத்தானை எடுக்கத் தளத்தின் கையில் உள்ளது, இனி பாதுகாப்பான இணைப்பு மட்டுமே என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் தலைப்பு. அதைச் சோதிப்பதில் ஒரு நுணுக்கம்: கெட்ட சான்றிதழோடு வரும் எச்எஸ்டிஎஸ்ஸைப் பிரவுசர் கண்டுகொள்ளாது. முதலில் நல்ல சான்றிதழோடு, 600 விநாடி ஆயுளில் தலைப்பை அனுப்புங்கள். ஒருமுறை திறந்துவிட்டு, காலாவதியானதை மாற்றி வைத்து எஞ்சினெக்ஸை ரீலோடு செய்து மறுபடி திறங்கள். பொத்தான் இருக்கக் கூடாது.

10 நிமிடச் சான்றிதழ் கணக்கில் சேராத ஒன்று, ஆனால் பாடம் நல்லது. பக்கத்தைத் திறந்து, இணைப்பு அறாமல் வைத்து, 10 நிமிடம் தாண்டியபின் அதே பக்கத்தில் வேலை செய்யுங்கள். தடையில்லாமல் ஓடும். சான்றிதழைப் பார்ப்பது இணைப்பின் தொடக்கத்தில் கைகுலுக்கும்போது மட்டுமே.

செயலிகள்

இன்றைய குரோம், பயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் ரத்தானதைத் தவிர மற்றவற்றில் தடுமாறினால், முதலில் பெட்டியைச் சந்தேகியுங்கள். உண்மையான அறுவடை செயலிகளில்தான். சோதனைச் சர்வரில் தனக்குத்தானே கையெழுத்திட்ட சான்றிதழ் இருக்கும், இணைப்பு மறுக்கும், செயலியை எழுதுபவர் "எதையும் நம்பு" என்று நான்கு வரி போட்டு அன்றைய வேலையை முடிப்பார். அந்த நான்கு வரி அப்படியே கடைக்கு வந்துவிடும். செயலிக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூவில் பிழையைப் பிடித்து "தொடர்" என்று சொல்வதும் இதே வகை. ஆண்டிராய்டு 7 முதல் இதற்கு முறையான வழி இருக்கிறது: நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக்கில் டீபக் பதிப்புக்கு மட்டும் சோதனை ரூட்டை நம்பச் சொல்லலாம், வெளியீட்டுப் பதிப்புக்கு அது போகாது.

செயலியைச் சோதிக்க அதன் சர்வர் பெயரை டிஎன்எஸ்மாஸ்க்கில் பெட்டிக்குத் திருப்ப வேண்டும். கைப்பேசியில் நம் ரூட் இருக்கக் கூடாது, நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். முதலில் சரியான பெயரோடு, தனக்குத்தானே கையெழுத்திட்டது. எஞ்சினெக்ஸ் பதிவில் ஒரு கோரிக்கை வரி விழுந்தாலே செயலி தேறவில்லை. அடுத்து, உங்களுக்குச் சொந்தமான வேறு டொமைனுக்கு, இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டில் வாங்கிய உண்மையான சான்றிதழை அதே பெயரின்கீழ் வையுங்கள். டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பில் வேறு கணினியில் வாங்கிக் கொண்டுவரலாம். முதல் சோதனையில் தேறிய செயலியும் இதில் வழுக்கலாம்: சங்கிலியைப் பார்க்கும், பெயரைப் பார்க்காது. இவை எல்லாம் உங்கள் செயலி, உங்கள் கைப்பேசி, உங்கள் வைஃபையோடு நிற்கட்டும். அடுத்தவர் இணைப்பில் கை வைத்தால் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் வரும்.

பழைய கைப்பேசியில் எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு, நல்லதை மறுப்பது. 7.1.1க்கு முந்திய ஆண்டிராய்டுக்கு லெட்ஸ் என்கிரிப்ட்டின் ரூட் தெரியாது. 2021 செப்டம்பர் 30இல் காலாவதியான பழைய ரூட்டைக் கொண்டே ஒரு குறுக்குக் கையெழுத்து, ரூட்டின் காலாவதியை ஆண்டிராய்டு பார்ப்பதில்லை என்ற குணத்தால், 2024 செப்டம்பர் வரை தாங்கியது. அதன்பின் நல்ல தளங்களே சிவப்பாகத் தெரியும், வைத்திருப்பவர் "தொடர்க" அழுத்தப் பழகிவிடுவார். பெட்டியின் எந்தச் சோதனையிலும் அகப்படாத ஆபத்து இது. பயர்ஃபாக்ஸ் தன் ரூட் பட்டியலைத் தானே கொண்டுவருவதால் கொஞ்ச காலம் கைகொடுக்கும். ஆனால் அதன் புதிய பதிப்புகளும் பழைய ஆண்டிராய்டைக் கைவிட்டுக்கொண்டே வருகின்றன.

பெட்டி எட்டாத இடங்கள்

2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய "கோட்டு ஃபெயில்" ஓட்டையை இந்தப் பெட்டி பிடித்திருக்காது. அங்கே சான்றிதழ் சரி, கைகுலுக்கலில் வரும் கையெழுத்தைத்தான் பார்க்காமல் விட்டார்கள், ஒரு வரி இருமுறை எழுதப்பட்டதால். அதற்குச் சர்வரின் நிரலையே மாற்ற வேண்டும், எஞ்சினெக்ஸ் போதாது. 2011இல் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் வழங்கும் நிறுவனத்தை ஊடுருவி கூகுள் பெயரில் எடுத்த சான்றிதழும் அப்படித்தான். அது எல்லா விதத்திலும் முறையான சான்றிதழ். குரோமுக்குள் கூகுளின் சாவிகளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால்தான் ஈரானில் ஒரு பயனருக்கு எச்சரிக்கை வந்தது. 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கிய சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று குரோம் கேட்கிறது, ஆனால் நாமே ஏற்றிய ரூட்டுக்கு அந்தக் கேள்வி கிடையாது. ஆகவே பெட்டியால் அதைச் சோதிக்கவும் முடியாது.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு கருவியிலும் பயனர் சான்றிதழ்ப் பட்டியலைத் திறந்து ரூட்டை நீக்குங்கள். ஐபோனில் புரொஃபைலை நீக்கினால் நம்பிக்கையும் சேர்ந்து போகும். பயர்ஃபாக்ஸின் மேசைக்கணினிப் பதிப்புக்குத் தனிப் பட்டியல், அதையும் பாருங்கள். நீக்கியபின் அந்த 15ஆவது நல்ல சான்றிதழை மீண்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். இந்த முறை அது மறுக்கப்பட வேண்டும்.